இரட்டைக் குழந்தை வரப்போகுது, 600 சதுர அடி பட்டறையும் கட்டணும்: எதை எப்போ முடிக்கிறது?

பாலக்கோடு மரவேலை (கேள்வி)

வணக்கம்ங்க. பாலக்கோடு பக்கம் 15 சென்ட் இடம். மேற்குப் பக்கம் ஆர்சி (கான்கிரீட் கூரை) வீடு இருக்கு. கிழக்கே காலி இடத்துல, வீட்டுச் சுவத்துல இருந்து 35 அடி தள்ளி, 20க்கு 30 அடியில சொந்த உபயோகத்துக்கு ஒரு பட்டறை போடணும். மரவேலைதான் முக்கியம், கூடவே கொஞ்சம் வெல்டிங்.

வைக்கப்போற மெஷின்கள்: டேபிள் சா 3 எச்பி, பிளேனர் 3 எச்பி, டஸ்ட் கலெக்டர் 2 எச்பி, கம்ப்ரசர் 2 எச்பி, டிரில்லிங் மெஷின் 1 எச்பி, 14 இன்ச் கட்டிங் மெஷின், 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங். வீட்டுல இப்போ சிங்கிள் பேஸ் கனெக்‌ஷன். தண்ணி போர்வெல்.

மனைவிக்கு இப்போ 20வது வாரம். ஸ்கேன்ல இரட்டைன்னு தெரிஞ்சிருக்கு, நஞ்சுக்கொடி தனித்தனியாம். தேதி அக்டோபர் 15ன்னு கொடுத்திருக்காங்க. பிரசவத்துக்கு காவேரிப்பட்டணம் தாய்வீட்டுக்குப் போவாங்க, மூணு மாசம் கழிச்சு குழந்தைங்களோட இங்க வந்துருவாங்க.

இப்போ ஆரம்பிச்சா முடியுமா, இல்ல ஒரு வருஷம் தள்ளிப்போடணுமா? பாதி ஷெட் மட்டும் இப்போ போடலாமா? சத்தமும் தூசியும் 35 அடிக்கு வருமா? விவரம் தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க.

ஓசூர் ஃபேப்ரிகேஷன்

தம்பி, பாதி ஷெட் வேண்டாம். தளம், கூரை, சுவர் மூணும் முழு அளவுல ஒரே தடவையா முடிங்க. பாதி போட்டுட்டு அப்புறம் நீட்டினா தளத்துல ஒட்டு, கூரையில ஒட்டு, மறுபடி ஜல்லி லாரி, மறுபடி மிக்சர் மெஷின், எல்லாம் கைக்குழந்தைங்க இருக்கிற வீட்டு முன்னாடி நடக்கும். மெஷினை ரெண்டு வருஷம் கழிச்சுக்கூட ஒண்ணொண்ணா இறக்கலாம். கான்கிரீட் வேலையை அப்படித் தள்ள முடியாது.

10 அடிக்கு ஒரு பிரேம் (ரெண்டு தூணும், மேல டிரஸ்ஸுங்கிற முக்கோணக் கூரைச் சட்டமும் சேர்ந்தது), மொத்தம் நாலு பிரேம், எட்டுத் தூண். தூணுக்கு 100க்கு 100 எம்எம், 4 எம்எம் கனத்துல சதுர பைப். குழி 3க்கு 3, ஆழம் 4 அடி. உங்க பக்கம் ரெண்டு ரெண்டரை அடியிலயே கல்லு தட்டலாம். தட்டினா கடப்பாரையால அடிச்சுக் காது கொடுத்துக் கேளுங்க. கணீர்னு வந்து கை அதிர்ந்தா தாய்ப்பாறை. மொத்துன்னு வந்தா தனிக்கல், அதைத் தோண்டி எடுத்தே ஆகணும், அது மேல தூண் நிறுத்தினா ஒரு மழைக்காலத்துல இறங்கிடும். தாய்ப்பாறைன்னா வெடியும் வேண்டாம், நாள் முழுக்க பிரேக்கரும் வேண்டாம். மேல்பரப்பைக் கழுவிட்டு 20 எம்எம் துளை ஒரு அடி ஆழத்துக்குப் போட்டு, உள்ள இருக்கிற தூசியை ஊதி எடுத்து, எப்பாக்ஸி ஊத்தி 16 எம்எம் கம்பி நாலு நட்டு, அதுல இருந்து பெடஸ்டல் (தூணுக்கு அடியில வர்ற கான்கிரீட் குட்டைத்தூண்) எழுப்பிக்கலாம். தூசியை ஊதாம ஊத்தினா எப்பாக்ஸி தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது.

தூணுக்கு அடியில பேஸ் பிளேட் 250க்கு 250 எம்எம், கனம் 12 எம்எம். தூணுக்கு நாலு எம்16 ஜே போல்ட் (அடி வளைஞ்ச 16 எம்எம் போல்ட்), நீளம் ஒன்றரை அடி. இங்கதான் நிறைய சைட்ல தப்பாகுது. கான்கிரீட் கொட்டும்போது போல்ட் அரை இன்ச் நகர்ந்துடும், அப்புறம் பிளேட் துளையை கேஸ் கட்டிங்ல பெருசாக்குவாங்க, வாஷர் உட்கார இடமே இருக்காது. பிளைவுட்ல அச்சு வெட்டி நட் மாட்டி நிறுத்திட்டுத்தான் கொட்டணும். பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல ஒரு இன்ச் விடுங்க. எட்டுத் தூணையும் நூல் பிடிச்சு லெவல் பார்த்த பிறகு அந்த இடத்துல நான் ஷ்ரிங்க் கிரவுட் (காஞ்சாலும் சுருங்காத கலவை) அடைக்கலாம்.

ஓரத்துல 10 அடி உயரம், நடு முகட்டுக்கு இன்னும் 4 அடி. டிரஸ்ஸுக்கு 50க்கு 50, 2.6 எம்எம். பர்லின் (ஷீட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) 60க்கு 40, ஒரு சரிவுக்கு நாலு வரிசை. பிளேட், குறுக்குத் தாங்கல் எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல, 1.3 டன்னுக்குள்ள முடியும். ஷீட் 0.5 எம்எம் கலர் கோட்டட், 12 அடி நீளத்துல பக்கத்துக்குப் 10, மொத்தம் 20. ஏப்ரல், மே மாசம் கோடை மழைக்கு முன்னாடி வர்ற காத்து ஷீட்டைக் கீழ இருந்து தூக்கும், அதுவும் ஷட்டர் திறந்திருந்தா உள்ள காத்து அடைச்சு இன்னும் வேகமா தூக்கும். அதனால ஓரத்துப் பர்லின்லயும் முகட்டுப் பர்லின்லயும் மேடு ஒண்ணுக்கு ஒரு ஸ்க்ரூ, நடுப் பர்லின்ல ஒண்ணு விட்டு ஒண்ணு. ரப்பர் வாஷரோட வர்ற செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூதான், ரப்பர் பிதுங்கற அளவுக்கு இறுக்காதீங்க, ரெண்டு வெயில்ல வெடிச்சு ஒழுகும்.

டிரஸ்ஸை உங்க வீட்டுல வெச்சு வெல்டிங் பண்ண விடாதீங்க. ஃபேப்ரிகேட்டர் பட்டறையிலயே செஞ்சு பிரைமர் அடிச்சு எடுத்துட்டு வரட்டும், பர்லினுக்குக் கிளீட் (போல்ட் போடத் துளையுள்ள சின்னத் தகடு) வெச்சு இங்க போல்ட் மட்டும் போடட்டும். இப்படிச் செஞ்சா நிறுத்தி ஷீட் போட நாலஞ்சு நாள்தான். பிரைமர் கேட்கும்போது சிங்க் பாஸ்பேட்னு கேட்டு வாங்குங்க. கடையில வழக்கமா எடுத்துக் கொடுக்கிறது ரெட் ஆக்சைடு சிங்க் குரோமேட். குரோமேட் அடிச்ச இரும்பைக் கிரைண்டர் பிடிச்சாலோ, மேல வெல்டிங் வெச்சாலோ வர்ற தூசியும் புகையும் நுரையீரலுக்கு ஆகாது.

தளத்தைக் கூரைக்கு அப்புறம் போடுங்க. நிழல்ல போட்ட தளம் வெடிக்கிறது குறைவு, கியூரிங் தண்ணியும் பாதிதான் ஆகும். மண்ணை நனைச்சு ரோலர் விட்டு, 6 இன்ச் சோலிங் (கல் பரப்பு), மேல பாலிதீன் ஷீட், அதுக்கு மேல 4 இன்ச் எம்20 தரக் கான்கிரீட். 600 சதுர அடிக்கு 200 கன அடி கான்கிரீட் வரும். சிமெண்ட் 46 மூட்டை, எம் சாண்ட் முக்கால் யூனிட்டுக்குக் (ஒரு யூனிட் 100 கன அடி) கொஞ்சம் மேல, 20 எம்எம் ஜல்லி ஒண்ணே முக்கால் யூனிட். சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கோங்க. 8 எம்எம் கம்பி 8 இன்ச்சுக்கு ஒண்ணு, ரெண்டு பக்கமும். கம்பி பாலிதீன் மேல படுத்துக் கிடந்தா பிரயோஜனமே இல்ல, கவர் பிளாக் வெச்சு மேல தூக்குங்க. மறுநாள் காலையிலயே 10 அடிக்கு ஒரு கோடு, ஒரு இன்ச் ஆழத்துக்குக் கட்டர் போடணும். மூணு நாள் கழிச்சுப் போட்டா அதுக்குள்ள தளம் தன் இஷ்டத்துக்கு வெடிச்சிருக்கும். பாத்தி கட்டி பத்து நாள் தண்ணி நிக்கணும்.

சுவருக்கு ஹாலோ பிளாக் வேண்டாம், 6 இன்ச் சாலிட் பிளாக். 16க்கு 8 இன்ச் சைஸ்ல உடைசல் சேர்த்து 1,000 கல். குழந்தைங்க இருக்கிற இடம்னு சொன்னதால சொல்றேன், சத்தத்தை நிறுத்துறது எடைதான்.

கிருஷ்ணகிரி செவிலியர்

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்த்துகள். ஒரே ஒரு திருத்தம், ஆனால் மற்ற எல்லாக் கணக்கையும் மாற்றக்கூடியது. அக்டோபர் 15 என்பது 40 வாரக் கணக்கு. இரட்டையருக்கு அந்தத் தேதியை வைத்து எதையும் திட்டமிடாதீர்கள். இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கும் மேல் 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகிவிடும். தனித்தனி நஞ்சுக்கொடி, எந்தச் சிக்கலும் இல்லை என்றாலும் மருத்துவர்கள் பொதுவாக 37, 38வது வாரத்தில் பிரசவம் செய்துவிடுவார்கள். அதாவது செப்டம்பர் கடைசி வாரம். நீங்கள் 34 வாரத்தைக் கெடுவாக வையுங்கள், அது செப்டம்பர் 3. பெயின்ட், தின்னர் வாசனை உள்ள வேலைகளை 32 வாரத்துக்குள், ஆகஸ்ட் 20க்குள் முடித்துவிடுங்கள்.

கட்டுமானம் நடக்கும் எல்லா நாளும் கேட் முன்னால் ஆம்புலன்ஸ் வந்து திரும்ப இடம் இருக்க வேண்டும். ஜல்லி, எம் சாண்ட் லோடு இரவில் வந்து கேட்டை அடைத்துக் கொட்டிவிட்டுப் போவது வழக்கம். லாரிக்காரரிடம் கொட்டும் இடத்தை முன்கூட்டியே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். இரட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறுவது அதிகம். விடாத தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், நீர்க்கசிவு, விட்டு விட்டு வயிறு இறுகுதல், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். குறைமாதத்தில் வலி வந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசி போடுவார்கள், அது வேலை செய்யச் சில மணி நேரம் வேண்டும். எடை குறைந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் பாருங்கள். பாலக்கோட்டில் இருக்கும்வரை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காவேரிப்பட்டணம் போன பிறகு கிருஷ்ணகிரி என்று இரண்டு வழியையும் இப்போதே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பரிசோதனைப் புத்தகமும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் எப்போதும் அவரோடு இருக்கட்டும்.

பிறந்த பிறகு மூன்று மாதம் பட்டறையில் உங்களுக்கு நேரம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தாய்ப்பால் ஒரு குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை. இரண்டு பேருக்கும் சேர்த்தால் பகலும் இரவும் அதுவே வேலை. ஒன்று தூங்கும்போது மற்றது விழித்திருக்கும், ஆகவே ‘தூங்கும் நேரத்தில் மெஷின் ஓட்டிக்கொள்ளலாம்’ என்ற கணக்கு ஆரம்பத்தில் நடக்காது. பகலில் இரண்டு மணி நேரம் என்று ஒரே நேரத்தை நிலையாக வைத்து, அந்த நேரத்தில் குழந்தைகள் பட்டறைக்கு எதிர்ப்பக்க அறையில் இருப்பதுதான் நடைமுறை.

எடை குறைவாகப் பிறந்தால் கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அதை அப்பாவும் செய்யலாம், இரட்டையருக்கு அப்பா செய்தே ஆக வேண்டியிருக்கும். கிரைண்டர் பிடித்த சட்டையோடு, வியர்வையில் ஒட்டிய தூசியோடு அதைச் செய்யக்கூடாது. குளித்து, துவைத்த துணி மாற்றிக்கொண்டு வாருங்கள். பட்டறை உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

போர்வெல் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்றால் கவலையில்லை, தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆனால் இரட்டையருக்கு மருத்துவர் பவுடர் பாலும் சேர்க்கச் சொல்லலாம். அதைப் போர்வெல் தண்ணீரில் கலக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள். போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி.

காரிமங்கலம் வயர்மேன்

சார், சிங்கிள் பேஸ்ல இந்த மெஷின்களை ஓட்டாதீங்க. 3 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போதே 15 ஆம்பியர் பக்கம் இழுக்கும், கிளம்பும்போது அஞ்சாறு மடங்கு. சாயந்திரம் வோல்டேஜ் 190க்கு இறங்கினா மோட்டார் கிளம்பாம முனகும், அந்த முனகல்லயே வைண்டிங் எரியும். அதே 3 எச்பி த்ரீ பேஸ்ல 5 ஆம்பியருக்குள்ளதான். மெஷின் வாங்கும்போதே த்ரீ பேஸ் மோட்டாரா கேட்டு வாங்குங்க.

பட்டறைக்குத் தனி சர்வீஸ் எடுக்க முடியுமான்னு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துல கேளுங்க. வீட்டு மீட்டர்லயே எல்லாம் ஓட்டினா யூனிட் ஏறி, மேல் கட்டண ஸ்லாபுக்குப் போயிடும். குழந்தைங்க வந்ததும் வாஷிங் மெஷின், வெந்நீர்னு வீட்டு யூனிட்டே ஏறும். இன்னொண்ணு, வீட்டு இணைப்புல வெளியாளுக்குக் கூலிக்கு வேலை செஞ்சா அது தொழில் கட்டணத்துல வரணும், மாட்டினா அபராதம்.

மீட்டர்ல இருந்து பட்டறைக்கு 16 ஸ்கொயர் எம்எம் நாலு கோர் அலுமினியம் ஆர்மர்டு கேபிள். ரெண்டரை அடி ஆழத்துல, கீழயும் மேலயும் மணல், மேல ஒரு வரிசை செங்கல், அதுக்கு மேல எச்சரிக்கை டேப். தளம் போடுறதுக்கு முன்னாடி டேபிள் சா வரப்போற நடு இடத்துக்கு 2 இன்ச் பிவிசி பைப் புதைச்சு உள்ள கம்பி இழுக்க நூல் விட்டு வைங்க. அதை விட்டுட்டா ஒயர் தரையில கிடக்கும், பலகை தூக்கிட்டு வரும்போது கால் தடுக்கும், தடுக்கினா விழுறது பிளேடு பக்கம்.

உள்ள 16 ஆம்பியர் பிளக்குக்கெல்லாம் 4 ஸ்கொயர் காப்பர், லைட்டுக்கு 1.5. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர், ஆனா எல்லாத்துக்கும் ஒண்ணே ஒண்ணு போடாதீங்க. லைட்டுக்குத் தனி, மெஷினுக்குத் தனி, வெல்டிங்குக்குத் தனி. வெல்டிங் மெஷின் டிரிப் ஆக்கும்போது லைட்டும் சேர்ந்து போனா, டேபிள் சா பிளேடு இன்னும் சுத்திட்டு இருக்கும், நீங்க இருட்டுல நிப்பீங்க. வெல்டிங்கை ஒரு பேஸ்ல வெச்சா வீட்டு லைட், குழந்தைங்க ரூம் ஃபேன் எல்லாம் இன்னொரு பேஸ்ல இருக்கட்டும். ஒரே பேஸ்ல இருந்தா ஒவ்வொரு ராடுக்கும் லைட் மினுங்கும்.

எர்த் ரொம்ப முக்கியம். பாறை நிலத்துல ஒரு குழி பத்தாது. ரெண்டு பைப் எர்த், நடுவுல குறைஞ்சது 10 அடி இடைவெளி, ரெண்டையும் ஜிஐ பட்டையால இணைக்கணும். 10 அடி ஆழம் இறங்கலைன்னா பட்டையை நீளவாக்குல ஓடை வெட்டிப் படுக்க வைங்க. உப்பும் கரியும் ரெண்டு மழையில கரைஞ்சு போகும், பென்டோனைட் களிமண் போட்டா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். கோடையில வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்துங்க.

பாலக்கோடு மரவேலை

எல்லாருக்கும் நன்றிங்க. செவிலியர் அம்மா சொன்ன தேதியை வெச்சுத்தான் இனி கணக்கு. இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, கர்ப்பிணி இருக்கிற வீட்டுல நிலை வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க, ஆடியும் வருது. ரெண்டு, சத்தம் தூசி பத்தி இன்னும் கொஞ்சம் விவரம் வேணும், டஸ்ட் கலெக்டரை வெளிய வெச்சு வெளியவே ஊத விட்டா போதுமா? மூணு, ரெண்டு ஏணை கட்ட சீலிங்ல கொக்கி போடணும், எப்படிப் போடுறது?

காவேரிப்பட்டணம் ஆசாரி

நிலை விஷயத்துல பெரியவங்க மனசு நோகாம செய்யலாம் தம்பி. பட்டறைக்கு மரநிலை எதுக்கு? 10 அடி அகலத்துக்கு ரோலிங் ஷட்டர் ஒண்ணு, ஆள் போக இரும்புக் கதவு ஒண்ணு. தலைவாசல்னு ஒண்ணே இல்லாததால பூஜையும் தேவையில்ல. கடைக்கால் பூஜை வேணும்னா அப்பா பேர்ல ஆடிக்கு முன்னாடி வைகாசியிலயே போட்டுருங்க. ஆடியில புதுசா ஆரம்பிக்க மாட்டாங்களே தவிர, நடக்கிற வேலை நடக்கும். ஆனா ஆடி 18 ஒட்டி ஆள் கிடைக்காது. அந்த வாரத்தைத் தளம் காயிற வாரமா வெச்சுக்கிட்டா பாத்தியில தண்ணி விட நீங்க ஒருத்தரே போதும்.

சத்தத்துக்கு வர்றேன். கட்டிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் பக்கத்துல 100 டெசிபல் சுமார். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர்ல 100ன்னா உங்க 35 அடியில 80 பக்கம் நிக்கும், அது குழந்தைங்களுக்கு ரொம்ப அதிகம். மிச்சத்தைச் சுவர்தான் குறைக்கணும். சுவர் நல்லா இருந்தும் சத்தம் வெளிய வர்றது மூணு இடத்துல. முதலாவது, சுவர் உச்சிக்கும் ஷீட் மடிப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. காத்து வரட்டும்னு அரை அடி விட்டுருவாங்க, அதுலயே பாதிச் சத்தம் போயிடும். வீட்டுப் பக்கச் சுவத்தை ஷீட் வரைக்கும் ஏத்தி மடிப்புக்குள்ள கலவை வெச்சு அடைங்க. காத்துக்கு ஜன்னலை வடக்கு தெற்குல வைங்க. ரெண்டாவது ஷட்டர், அது சத்தத்துக்குத் தடுப்பே இல்ல, அதனால கிழக்கு பார்த்து வைங்க. மேற்குச் சுவத்துல எந்தத் துவாரமும் வேண்டாம். மூணாவது ஷீட்டே. அடியில 50 எம்எம் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, கிளாஸ் துணி ஒட்டினதா வாங்கி வலை கட்டித் தாங்க விடுங்க. துணி இல்லாத ராக்வூல்ல இருந்து இழை உதிரும். வெள்ளி கலர் பபிள் ஷீட் வெயிலுக்கு உதவும், சத்தத்துக்கு ஒண்ணும் செய்யாது.

டஸ்ட் கலெக்டரை வெளிய வெச்சு ஊத விடுறதுல உங்க இடத்துக்கு ஒரு சிக்கல் இருக்கு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்து மேற்கு, தென்மேற்குல இருந்து வரும், தூசி உங்க வீட்டை விட்டுக் கிழக்கே போகும். பட்டறையைத் தென்கிழக்கு அக்னி மூலையில வைக்கச் சொல்றதும் அதுக்கு ஒத்து வரும். ஆனா அக்டோபர்ல காத்து வடகிழக்குக்குத் திரும்பும், பிப்ரவரி வரைக்கும் கிழக்குக் காத்துதான். குழந்தைங்க காவேரிப்பட்டணத்துல இருந்து வர்றது சரியா அந்தச் சமயம். அப்போ பட்டறைத் தூசி நேரா வீட்டுக்கும் கொடியில காயிற குழந்தைத் துணிக்கும் வரும். அதனால ஃபில்டர் இல்லாம வெளிய ஊதவே கூடாது. கலெக்டரோட வர்ற சாதாரணத் துணிப்பை பெரிய சிராயைத்தான் பிடிக்கும், மாவு மாதிரி இருக்கிறது அதுவழியா போயிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசிதான் மணிக்கணக்கா காத்துல நிக்கும். அந்தப் பையைக் கழட்டிட்டு 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் போடுங்க. டேபிள் சாவுல இருந்து 4 இன்ச் பைப், முடிஞ்ச அளவு நேரா, வளைவு ரெண்டுக்கு மேல வேண்டாம், நெளி ஹோஸ் ஒரு மீட்டருக்கு மேல வேண்டாம். ஹோஸ் நீளமானா இழுப்பு செத்துடும். எம்டிஎஃப் (மரநாரைப் பசையில அழுத்தின பலகை) அறுக்கிறதை முதல் வருஷம் விட்டுருங்க, அதுல பசைக்குப் போடுற ஃபார்மால்டிஹைடும் தூசியோட வரும்.

வெல்டிங் தூசிக்கு வேற கவனிப்பு. கிரைண்டர்ல இருந்து விழுற இரும்புத் துகள் செருப்புல ஒட்டி வீட்டுக்குள்ள வரும். ஏழெட்டு மாசத்துல ரெண்டு பிள்ளைங்களும் தவழும், தரையில கிடைக்கிறது எல்லாம் வாய்க்குப் போகும். பட்டறைக் கதவு பக்கத்துலயே ஒரு வாஷ்பேசின், ஒரு ஆணி, ஒரு செருப்பு ஸ்டாண்ட் வைங்க. பட்டறைச் செருப்பு அங்கயே நிக்கட்டும். வேலை முடிஞ்சதும் காந்தத்தைத் துணியில சுத்தி கதவோரம் இழுங்க, அப்புறம் காந்தத்தை எடுத்துட்டுத் துணியை உதறினா துகள் கழண்டுக்கும்.

ஏணைக்கு வர்றேன். கட்டி முடிஞ்ச சீலிங்ல விரிவு ஆங்கர் (துளைக்குள்ள விரிஞ்சு பிடிக்கிற போல்ட்) போட்டு ஏணை கட்டாதீங்க. அது நேரா இழுக்கிற பளுவைத் தாங்கும், ஆனா ஏணை நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடுது. ஆட்டத்துல ஆங்கர் துளி துளியா இறங்கும், இறங்கினது வெளிய தெரியாது. சீலிங்ல வேணும்னா ஸ்லாபைத் துளைச்சு 12 எம்எம் ராடு மேல வரைக்கும் எடுத்து, மொட்டைமாடியில 100க்கு 100 எம்எம் பிளேட் போட்டு ரெண்டு நட் பூட்டி, அது மேல வாட்டர்ப்ரூஃப் கலவை மூடுறது நல்லது. அதை விட நல்லது தனி ஸ்டாண்ட், ரூம் மாத்தி மாத்தி வைக்கலாம். ஒன்றரை இன்ச் ஜிஐ பைப்ல மேல் கட்டை 6 அடி, ரெண்டு பக்கமும் ஏ வடிவக் கால். உயரம் 6 அடின்னா கால் விரிப்பு 4 அடியாவது வேணும், ஏணை ஆடுற திசையிலதான் கால் விரியணும். கொக்கி ரெண்டுக்கும் நடுவுல 3 அடி விடுங்க, ரெண்டு ஏணையும் பக்கம் பக்கமா ஒரே திசையில ஆடணும், எதிரும் புதிருமா கட்டினா முட்டிக்கும். ஜிஐ பைப்பை வெல்டிங் வைக்கிற இடத்துல துத்தநாகப் பூச்சை உரசி எடுத்துட்டு, காத்தோட்டத்துல வெச்சுப் பத்த வைங்க, அந்த வெள்ளைப் புகை காய்ச்சல் கொண்டு வரும்.

கிருஷ்ணகிரி செவிலியர்

ஆசாரி ஐயா சொன்ன ஸ்டாண்டோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளை ஏணையில் நீண்ட நேரம் தூங்கவிட வேண்டாம். துணி வளைவதில் தாடை நெஞ்சோடு மடிந்து மூச்சுப்பாதை அடைபடும், அந்த வயதில் தலையைத் திருப்பிக்கொள்ள அவர்களால் முடியாது. அழுகையை ஆற்ற ஏணை, தூங்கிவிட்டால் எடுத்துச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாந்து படுக்க வையுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனிப் படுக்கை, தலையணை வேண்டாம். பட்டறையில் முதலில் எதையாவது செய்ய ஆசையிருந்தால், உயரக் கம்பிச் சட்டம் வைத்த இரண்டு சிறு கட்டில் செய்யுங்கள். சட்டங்களுக்கு இடையில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம், உடலோ தலையோ நுழைந்து மாட்டிக்கொள்ளும். குழந்தைகள் வந்து படுப்பதற்கு ஒரு மாதம் முன்பே பாலிஷ் முடிந்து வாசனை போயிருக்க வேண்டும்.

ஓசூர் ஃபேப்ரிகேஷன்

தேதி நெருக்கமா இருக்கிறதால எதைத் தள்ளலாம்னு சொல்லிடறேன். உள் பூச்சு, ராக்வூல், தரை எப்பாக்ஸி, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் அடுத்த வருஷம் செய்யலாம். கடைக்கால், கூரை, தளம், மேற்குச் சுவர், கேபிள், எர்த் இந்த ஆறும் செப்டம்பர் 3க்குள்ள முடிஞ்சே ஆகணும். ஜூன் முதல் வாரம் குழி தோண்டும்போதே டிரஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்துட்டா ஜூன் கடைசியில கூரை நிக்கும், ஜூலையில சுவர், ஆடி 18க்கு முன்னாடி தளம். ராக்வூல் போடுற வரைக்கும் கட்டிங் மெஷினை எடுக்க வேண்டாம், இரும்பைக் கடையிலயே அளவுக்கு வெட்டி வாங்கிக்கலாம்.

காரிமங்கலம் வயர்மேன்

த்ரீ பேஸ் விண்ணப்பத்தை குழி தோண்டுறதுக்கு முன்னாடியே போட்டுருங்க சார். கம்பத்துல இருந்து லைன் இழுக்கணும்னா எஸ்டிமேட், பணம் கட்டுறது, ஆள் வர்றதுன்னு நாள் ஆகும். வீட்டு வரி ரசீதும் பத்திரமும் எடுத்துட்டுப் போங்க. மீட்டர் போர்டை வீட்டு மேற்குச் சுவத்துல வைக்கச் சொன்னா மறுத்துடுங்க, தெருப்பக்கம் பட்டறைக்குக் கிட்ட வந்தா கேபிள் 10 மீட்டர் மிச்சம்.